கால் ஆணி பிளாஸ்திரி: ஒட்டும் முன் அது ஆணிதானா என்று பாருங்கள்

மருந்துக் கடையில் கால் ஆணிக்கென்று விற்கும் 40 சதவீத சாலிசிலிக் அமிலப் பிளாஸ்திரியை இதுவரை இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன். முதல் தடவை கொஞ்சமும் கேட்கவில்லை, இரண்டாம் தடவை பத்தே நாளில் ஆணி கழன்று வந்துவிட்டது. இரண்டும் ஒரே மருந்துதான், ஆனால் முதல் தடவை என் குதிகாலில் இருந்தது ஆணியே இல்லை, மரு.

மூன்று வாரம் மாற்றி மாற்றி ஒட்டி, சுற்றியிருந்த நல்ல தோலெல்லாம் வெளுத்து ஊறிப்போன பிறகுதான் தோல் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் மேலிருந்து அழுத்தினார், பெரிதாக வலிக்கவில்லை. இரண்டு விரலால் பக்கவாட்டில் கிள்ளியதும் உயிர் போய்விட்டது. அப்புறம் மேல்தோலை பிளேடால் மெல்லச் சீவிக் காட்டினார், ஊசி குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள், அதிலிருந்து துளித்துளியாக ரத்தம். விரல் ரேகை போலப் பாதத்திலும் ரேகை ஓடும் இல்லையா, அது மருவின் ஓரத்தோடு நின்றுவிடுகிறது. ஆணி என்றால் ரேகை அதன் மேலேயே ஓடும், சீவினால் நடுவில் கண்ணாடி மாதிரி கெட்டியான ஒரு முனை தெரியும், நேராக அழுத்தினால்தான் வலிக்கும். மரு வைரஸால் வருவது, பரவும். ஆணி செருப்பும் ஷூவும் அழுத்துவதால் வருவது. இந்த அமிலம் மருவுக்கும் கொடுப்பதுதானாம், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் விடாமல் போட வேண்டும் என்றார்.

இரண்டாம் தடவை வந்தது கால் சுண்டு விரலின் மேல், சந்தேகமில்லாத ஆணி. வெந்நீரில் காலை ஊறவைத்து, துடைத்துவிட்டு, மருந்து வட்டம் சரியாக ஆணியின் மேல் உட்காரும்படி ஒட்டினேன். நகர்ந்தால் நல்ல தோலையும் அரித்துவிடும், ஒட்டும் பசை இன்னும் கொஞ்சம் பலமாக இருந்திருக்கலாம், வியர்த்தாலே நழுவுகிறது. வெளுத்ததை ஒவ்வொரு முறையும் நுரைக்கல்லால் (பியூமிஸ் கல்) தேய்த்தேன். கூடவே அந்த இறுக்கமான ஷூவையும் மாற்றினேன், இல்லாவிட்டால் அதே இடத்தில் திரும்ப வந்திருக்கும்.

மருந்துக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். அது வரும் அட்டைப்பெட்டிக்கு ஒன்றுதான், ஆணியா மருவா என்று எப்படிப் பார்ப்பது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் போடக்கூடாது என்பதைப் பொடி எழுத்தில் பின்பக்கம் போட்டிருக்கிறார்கள், அது முன்பக்கம் பெரிதாக வர வேண்டியது. சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் அமிலம் தோலை அரிப்பதே தெரியாது, புண்ணாகிவிடும். சர்க்கரை உள்ள அப்பாவுக்கும் ஆணி வந்தபோது மீதியிருந்த பிளாஸ்திரியைக் கேட்டார், நான் கொடுக்கவில்லை, நேராக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.