தரமிறங்கிய கழகத்தின் கணக்கைத் திறந்து காட்டும் சேவை: பிரிட்டனின் கம்பெனீஸ் ஹவுஸ்

பிரிட்டனில் பதிவு பெற்ற நிறுவனங்களின் ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கும் அரசு அமைப்பு கம்பெனீஸ் ஹவுஸ். 1844ஆம் ஆண்டின் சட்டத்தில் வேர்கொண்ட இந்தப் பதிவகத்தின் தலைமையகம் வேல்ஸின் கார்டிஃப் நகரில் உள்ளது. 2015 ஜூன் முதல் இதன் மின்னாவணங்கள் அனைவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கடன் கொடுப்போரும் வழக்கறிஞர்களும் வணிகர்களும் பயன்படுத்தும் இந்தச் சேவையை நான் ஒரே நோக்கத்துக்காகப் பயன்படுத்துகிறேன்: இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும் ஒரு கழகத்துக்குப் பணத்தளவில் என்ன நேர்கிறது என்பதை, அந்தக் கழகமே கையொப்பமிட்டுத் தாக்கல் செய்த தாள்களிலிருந்து அறிந்துகொள்வதற்காக. அந்த நோக்கத்துக்கு இச்சேவை எவ்வளவு தூரம் துணை நிற்கிறது, எங்கே போதாமல் போகிறது என்பதையே இங்கு மதிப்பிடுகிறேன்.

பயன்படுத்தும் முறை எளிமையானது. கழகத்தின் பெயரைத் தேடுபொறியில் இட்டால் நிறுவனத்தின் பக்கம் திறக்கிறது. தாக்கல் செய்யப்பட்ட ஆவணங்களின் வரலாறு, இயக்குநர்களின் விவரம், சொத்துகளின் மீது கடன் கொடுத்தவர்கள் பதிவு செய்துள்ள பிணையுரிமைகள் ஆகியவை தனித்தனிப் பகுதிகளாக இருக்கின்றன. பார்ப்பதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. உள்நுழைந்து ஒரு நிறுவனத்தைப் பின்தொடரத் தொடங்கினால், புதிய ஆவணம் வரும்போதெல்லாம் மின்னஞ்சல் வந்துவிடுகிறது. நம் நாட்டில் நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் ஒரு நிறுவனத்தின் பொது ஆவணங்களைப் பார்க்க 100 ரூபாய் கட்ட வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், எந்த நாட்டில் இருப்பவரும் காசு கொடுக்காமல் இவ்வளவையும் படிக்க முடிவது பெரிய கொடை என்றே சொல்வேன்.

ஆவணத்தைத் திறப்பதற்கு முன் ஒரு பின்னணி தெரிந்திருக்க வேண்டும். 2022–23 பருவத்தில் பிரீமியர் லீக்கில் கடைசி இடம் பிடித்த சவுத்தாம்ப்டனுக்குக் கூட லீக்கின் பொது வருவாயிலிருந்து 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அதற்கடுத்த பிரிவான சாம்பியன்ஷிப்பில் ஆடும் ஒரு சாதாரணக் கழகத்துக்கு அவ்வழியில் கிடைப்பதோ ஒரு கோடி பவுண்டுக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான். இந்தப் பள்ளத்தில் ஒரேயடியாக விழாமல் இருக்கத்தான் ‘பாராசூட்’ தொகை தரப்படுகிறது. பிரீமியர் லீக் கழகங்களுக்குச் சமமாகப் பிரிக்கப்படும் ஒளிபரப்புப் பங்கில் முதல் ஆண்டு 55 சதவீதம், இரண்டாம் ஆண்டு 45 சதவீதம், மூன்றாம் ஆண்டு 20 சதவீதம் என்பது அதன் அளவு. ஒரே பருவம் மட்டும் மேலே இருந்துவிட்டு இறங்கிய கழகத்துக்கு மூன்றாம் ஆண்டுத் தொகை இல்லை. இடையில் மீண்டும் மேலே ஏறிவிட்டால் மிச்சத் தொகையும் நின்றுவிடும். இவ்வளவு தெரிந்தால் போதும், கணக்கறிக்கை பேசத் தொடங்கிவிடுகிறது.

இச்சேவையின் பயனை முழுமையாகக் காட்டும் கழகம் லெஸ்டர் சிட்டி. 2016இல் லீக் பட்டத்தையும் 2021இல் எஃப்.ஏ. கோப்பையையும் வென்ற கழகம் 2023 மே மாதத்தில் இறங்கியது. இறங்கிய அந்தப் பருவத்தின் கணக்கில் மொத்த வருவாய் 17.73 கோடி பவுண்டு, ஊதியச் செலவோ 20 கோடியைத் தாண்டியிருந்தது, நட்டம் 8.97 கோடி. முந்தைய ஆண்டின் நட்டமும் ஏறத்தாழ அதே அளவுதான்: 9.25 கோடி. தரமிறக்கம் என்பது மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நிகழும் பேரிடர் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் இந்த இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு, கழகம் மேல்பிரிவில் இருந்தபோதே அதன் வருவாய்க்கு மீறிய ஊதிய ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டுவிட்டது என்பதும், தரமிறக்கம் அந்தப் பழைய கையெழுத்துகளுக்கான தொகையை ஒரே நேரத்தில் கேட்டு வந்தது என்பதும் தெளிவாகிவிடும். என்னைப் பொறுத்தவரை இச்சேவை கற்றுக்கொடுக்கும் தலையாய பாடம் இதுதான். போட்டி முடிந்தபின் தொலைக்காட்சியில் நடக்கும் எந்த விவாதமும் எனக்கு இதைக் கற்றுத்தந்ததில்லை.

அடுத்த ஆண்டின் அறிக்கையை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். சாம்பியன்ஷிப்பில் கழித்த 2023–24இல் லெஸ்டரின் வருவாய் 10.53 கோடியாகச் சரிந்தது. ஆனால் நட்டம் 1.94 கோடியாகக் குறைந்தது. முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்பவர், கீழே இறங்கியதால் கழகம் நலமடைந்துவிட்டது என்று கூட நினைக்கக்கூடும். உண்மையில் நடந்தது வேறு. ஊதியச் செலவு ஏறத்தாழப் பாதியாக வெட்டப்பட்டும் வருவாய்க்கு இணையாகவே நின்றது. ஹார்வி பார்ன்ஸ் போன்ற வீரர்களை விற்று வந்த இலாபம் பள்ளத்தின் ஒரு பகுதியை நிரப்பியது. ஒரு வீரரை வாங்கிய விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பகிர்ந்து ஆண்டுதோறும் செலவில் எழுதுவதும், விற்கும்போது கிடைக்கும் இலாபத்தை முழுவதுமாக அந்த ஒரே ஆண்டில் வரவு வைப்பதும் கால்பந்துக் கணக்கியலின் வழக்கம். ஆகவே இறங்கிய கழகம் தன் சிறந்த வீரர்களை விற்கும் ஆண்டில் கணக்கு அழகாகத் தோன்றும். விற்பதற்கு யாரும் மிச்சமில்லாத ஆண்டில்தான் உண்மை நிலை வெளிப்படும்.

இதே கழகத்தின் ஆவணங்களில் தேதிகளுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதையும் காணலாம். லெஸ்டரின் கணக்குக் காலம் 2023 ஜூன் 30 அன்று முடிந்தது. அதன் வீரர் ஜேம்ஸ் மேடிசன் டாட்டன்ஹாமுக்கு விற்கப்பட்டது ஜூன் 28 அன்று; ஆகவே அந்த விற்பனை அந்த ஆண்டுக் கணக்கிலேயே சேர்ந்தது. இறங்கும் கழகங்கள் பிரீமியர் லீக்கில் தம்மை உறுப்பினராக்கும் பங்கை ஒப்படைப்பதும் அதே ஜூன் மாதத்தில்தான். கழகங்களுக்கு லீக் விதித்திருந்த நட்ட வரம்பை மீறியதாக லீக் தொடுத்த வழக்கில், கணக்குக் காலம் முடிந்த நாளில் லெஸ்டர் லீக்கின் உறுப்பினராகவே இல்லை என்பதால் லீக்குக்கு அதன்மீது அதிகாரம் இல்லை என்று மேல்முறையீட்டுக் குழு 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. பதிவகத்தின் பக்கத்தில் யாரும் பொருட்படுத்தாத ‘கணக்குக் காலம் முடியும் நாள்’ என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வழக்கு இருந்தது.

எண்களைவிடக் குறிப்புரைகள் முக்கியமானவை என்பதற்குப் பிளாக்பர்ன் ரோவர்ஸ் சான்று. 1995இல் லீக் பட்டம் வென்ற இக்கழகத்தை, கோழிப்பண்ணைத் தொழிலில் பெயர் பெற்ற புணேயின் வெங்கீஸ் குழுமம் 2010 நவம்பரில் வாங்கியது. 2012 மே மாதத்தில் கழகம் இறங்கியது. அன்றைய விதிப்படி பாராசூட் தொகை நான்கு ஆண்டுகள் வந்தது. 2016இல் அது முடிந்தது. அடுத்த பருவமே, 2017 மே மாதத்தில், கழகம் மூன்றாம் பிரிவுக்கும் இறங்கியது. ஓராண்டில் சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பினாலும் பிரீமியர் லீக்கை அது அதன்பின் எட்டவில்லை. இங்கே கழகத்தின் அறிக்கையோடு தாய் நிறுவனமான ‘வெங்கீஸ் லண்டன் லிமிடெட்’ தாக்கல் செய்யும் அறிக்கையையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமை பெறும். கழகம் தொடர்ந்து இயங்குமா என்பதை விளக்கும் குறிப்பில், இந்தியாவிலுள்ள உரிமையாளர்களின் ஆதரவைச் சார்ந்தே அது இயங்குகிறது என்று எழுதப்பட்டிருக்கும். இதை வெறும் சட்டச் சடங்காகக் கடந்துபோய்விடக் கூடாது. அமலாக்கத் துறையின் விசாரணையைத் தொடர்ந்து பிளாக்பர்னுக்குப் பணம் அனுப்ப உரிமையாளர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டிய நிலை வந்தபோது, அந்த ஒரு வாக்கியத்தின் பொருள் கழகத்தின் சொந்த மாவட்டமான லங்காஷயரில் இருந்த ஒவ்வொரு ரசிகருக்கும் புரிந்தது. கழகத்திலேயே வளர்ந்த இளைஞர் ஆடம் வார்ட்டன் 2024 பிப்ரவரியில் கிரிஸ்டல் பேலஸுக்கு விற்கப்பட்டதை நான் அந்தக் குறிப்பின் பக்கத்தில் வைத்தே படிக்கிறேன்.

உரிமையாளரின் கருணையை நம்பும் இந்த நிலை பிளாக்பர்னுக்கு மட்டும் உரியதன்று. லெஸ்டர் தர வேண்டியிருந்த 19.4 கோடி பவுண்டு கடனை அதன் உரிமையாளரான தாய்லாந்தின் கிங் பவர் நிறுவனம் 2023இல் பங்காக மாற்றிக்கொண்டது. சண்டர்லாந்து 2017, 2018 ஆகிய இரு ஆண்டுகளில் அடுத்தடுத்து இறங்கியபின், அதன் உரிமையாளர் எல்லிஸ் ஷார்ட் கடன்களைத் தீர்த்துவைத்துவிட்டே கழகத்தை விற்றார். அப்படி ஒருவர் கிடைக்காத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு லீட்ஸ் யுனைடெட்டின் பழைய கதையே போதும்: வருங்கால நுழைவுச்சீட்டு வருவாயை ஈடாக வைத்து 6 கோடி பவுண்டு கடன், 2004இல் தரமிறக்கம், அதே ஆண்டில் எலண்ட் ரோடு மைதானத்தின் விற்பனை, 2007இல் திவால் நிர்வாகமும் மூன்றாம் பிரிவும். விற்ற மைதானத்தை மீட்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிணையுரிமைப் பகுதியைப் பலரும் திறப்பதேயில்லை. நான் முதலில் திறப்பது அதைத்தான். கணக்கறிக்கை வர மாதங்கள் ஆகும். ஆனால் ஒரு வங்கியிடம் கடன் வாங்கி, வரவேண்டிய ஒளிபரப்புப் பணத்தையோ விற்ற வீரருக்கான தவணைகளையோ கழகம் ஈடு வைத்தால், அந்தப் பதிவு சில வாரங்களிலேயே இங்கே வந்துவிடும். நாளைக்கு வரவேண்டிய பாராசூட் தொகை இன்றைக்கே செலவாகிவிட்டதா என்பதை அறிய வெளியாளுக்கு இதைவிட விரைவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

என் மனத்தை அதிகம் வருத்துவது ஊழியர் எண்ணிக்கையைச் சொல்லும் குறிப்பு. ஆட்டக்காரர்கள் எத்தனை பேர், நிர்வாகத்திலும் வணிகத்திலும் எத்தனை பேர் என்று பிரித்துக் காட்டும் சிறிய அட்டவணை அது. கழகம் தரமிறங்கினால் ஊதியத்தைக் குறைக்கும் விதி வீரரின் ஒப்பந்தத்தில் இருந்தாலும் அவர் வேறு கழகத்துக்குப் போய்விடுவார். சீட்டு விற்பவருக்கும் சமையற்கூடத்தில் வேலை செய்பவருக்கும் அப்படி ஒரு சந்தை கிடையாது. சண்டர்லாந்தில் பணிநீக்கப் பேச்சு 2017 பிப்ரவரியில், கழகம் இறங்குவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்த அட்டவணையில் எண் சுருங்கும்போது அந்த ஊரின் சில வீடுகளில் வருமானம் நின்றுபோயிருக்கிறது என்பதை மறந்து இந்த ஆவணங்களைப் படிக்க முடியாது.

குறைகளுக்கு வருவோம். முதற்குறை தாமதம். தனியார் நிறுவனத்துக்குக் கணக்கைத் தாக்கல் செய்ய ஒன்பது மாதம் அவகாசம் உண்டு. ஜூன் 30இல் ஆண்டை முடிக்கும் கழகம் மார்ச் இறுதிவரை காத்திருக்கலாம். 2023 மே மாதத்தில் இறங்கிய கழகம் கீழ்ப்பிரிவில் கழித்த முதல் ஆண்டின் கணக்கு 2025 மார்ச் வாக்கில்தான் நம் கைக்கு வரும் என்றால், ரசிகர்கள் எச்சரிக்கையடைய வேண்டிய காலம் கடந்துபோயிருக்கும். காலக்கெடுவைத் தவறவிட்டால் விதிக்கப்படும் அபராதமோ 150 பவுண்டில் தொடங்கி 1,500 பவுண்டில் நின்றுவிடுகிறது. தொடர்ந்து இரண்டாம் ஆண்டும் தவறினால் அது இரட்டிப்பாகும். ஒரு வீரருக்கு ஒரு வாரத்தில் பல்லாயிரம் பவுண்டு கொடுக்கும் நிறுவனத்தை இந்தத் தொகை அசைக்காது. இதை உயர்த்த வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இரண்டாவது, பெரிய கழகங்களின் அறிக்கைகள் பலவும் தாளை வருடிய (ஸ்கேன் செய்த) படங்களாகவே ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒரு சொல்லைத் தேடவோ எண்களைப் படியெடுக்கவோ முடியாது. எழுபது பக்கங்களைக் கண்ணால்தான் துழாவ வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இவை ஏறக்குறைய மூடிய கதவுகளே. மூன்றாவது, நிறுவனங்களின் சிக்கல். ஒரு கழகத்தின் பெயரைத் தேடினால் கழகம், மைதானம், தாய் நிறுவனம், கைவிடப்பட்ட பழைய நிறுவனம் என்று பலவும் வரிசைகட்டும். 2007இல் லீட்ஸ் போலத் திவால் நிர்வாகத்தின் வழியாகப் புதிய நிறுவனத்துக்கு மாறிய கழகத்தின் வரலாறு இரண்டு பதிவெண்களில் பிரிந்து கிடக்கும். எது எதற்குத் தொடர்ச்சி என்று பதிவகம் சொல்லாது.

மற்றொரு குறைக்குப் பதிவகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. கணக்கியல் விதிகள் அவ்வளவுதான் கேட்கின்றன. பாராசூட் தொகை பெரும்பாலும் ஒளிபரப்பு வருவாய் என்ற தலைப்புக்குள் கரைந்துவிடுகிறது. எந்த வீரரின் ஒப்பந்தத்தில் ஊதியக் குறைப்பு விதி இருக்கிறது, எவ்வளவு குறைகிறது என்பதும் தெரியாது. ஒரு கழகத்தின் வீழ்ச்சி மெதுவாக நிகழுமா விரைவாக நிகழுமா என்பதைத் தீர்மானிக்கும் தகவலே அதுதான்.

கணக்கியல் பயிலாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. தமக்குப் பிடித்த கழகத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். இயக்குநர்களின் புகழுரைகள் நிறைந்த முற்பகுதியைத் தாண்டி, ஊதியம் வருவாயில் எவ்வளவு பங்கு என்று பார்த்துவிட்டு, நேரே இறுதிக் குறிப்புகளுக்குப் போகலாம். கணக்குத் தேதிக்குப் பிந்திய நிகழ்வுகள் என்ற தலைப்பில் விற்ற, வாங்கிய வீரர்களின் நிலவரம் இருக்கும். எதிர்பாராப் பொறுப்புகள் என்ற தலைப்பில், மேல்பிரிவில் நிலைத்தாலோ மீண்டும் ஏறினாலோ பிற கழகங்களுக்குத் தர வேண்டிய கூடுதல் தொகைகள் இருக்கும். இவற்றோடு முந்தைய மூன்று ஆண்டுகளின் அறிக்கைகளையும் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் 2025–26 பருவம் வரை நட்ட வரம்பை லீக் கணக்கிட்டதும் மூன்று ஆண்டுகளைச் சேர்த்தே: பிரீமியர் லீக்கில் 10.5 கோடி பவுண்டு, சாம்பியன்ஷிப்பில் 3.9 கோடி.