மாதம் 4,999 ரூபாய் டெலிகிராம் ஆப்ஷன் டிப்ஸ்: ஒரு ஸ்டார்கூட அதிகம்

குரூப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் அடுத்த வாரம் வேறு பெயரில் கடை விரிப்பார்கள்.

எந்த ஆப்ஷனை என்ன விலைக்கு வாங்க வேண்டும் என்று டெலிகிராமில் டிப்ஸ் தரும் குரூப் அது. ஆப்ஷன் என்றால், சந்தை ஏறுமா இறங்குமா என்று ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் கட்டும் பந்தயம் மாதிரி. 2024 ஆகஸ்டில் பணம் கட்டிச் சேர்ந்தேன். முதல் வாரம் நிஜமாகவே 11,000 ரூபாய் லாபம். புத்தி கெட்டது அங்கேதான். ஒரு லாட் (ஆப்ஷனைத் தனியாக விற்கமாட்டார்கள், கட்டாகத்தான்; அந்தக் கட்டுதான் லாட்) வாங்கிக்கொண்டிருந்தவன் பத்து லாட்டுக்குத் தாவினேன், அதுவும் சீட்டு எடுத்த பணத்தில்.

'கால்', அதாவது வாங்கச் சொல்லும் டிப்ஸ், இப்படித்தான் வரும்: "பேங்க் நிஃப்டி 51000 சிஇ, 120க்கு மேல் வாங்கவும், டார்கெட் 150, 180, ஸ்டாப்லாஸ் 90." அதாவது, வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டி ஏறினால் லாபம் தரும் ஆப்ஷன் இது; 150, 180க்கு ஏறினால் லாபத்தில் விற்கணும், 90க்கு இறங்கினால் நஷ்டத்தோடு வெளியேறணும். படித்துவிட்டு ஆப்பைத் திறந்தால் விலை ஏற்கெனவே 138. டார்கெட் அடித்தால் ராக்கெட் படத்தோடு ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள், ஸ்டாப்லாஸ் அடித்தால் மெசேஜே இருக்காது. சந்தேகம் வந்து ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், காலையிலிருந்து வந்தவை 7, சாயங்காலம் குரூப்பில் மிஞ்சியவை 4.

பேங்க் நிஃப்டி ஆப்ஷன்கள் காலாவதியாகும் எக்ஸ்பைரி நாள் அப்போது புதன்கிழமை. அன்று 'ஹீரோ ஜீரோ' என்று தனியாக ஒன்று தந்தார்கள், அடித்தால் பல மடங்கு, இல்லாவிட்டால் பூஜ்யம். மதியம் இரண்டு மணிக்கு மேல் 28 ரூபாய்க்கு 20 லாட் (அப்போது லாட்டுக்கு 15 ஆப்ஷன்) வாங்கினேன், 12க்கு இறங்கியதும் வாங்கிய சராசரி விலையைக் குறைக்க ஆவரேஜ் செய்கிறேன் பேர்வழி என்று இன்னும் 40 லாட். மூன்றரைக்கு அதன் விலை 5 பைசா. 15,600 ரூபாய் போச்சு, டீ ஆறுவதற்குள். இரண்டு மாதத்தில் மொத்தம் 1,40,000.

குரூப்பை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ப்ரோக்கர் ஆப்பில் நுழையும்போதே, 10 பேரில் 9 பேருக்கு நஷ்டம் என்று, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி சொல்லி எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தினமும் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போனேன், நான் அந்தப் பத்தாவது ஆள் என்ற நினைப்பில். செப்டம்பரில் வந்த செபி ஆய்வைப் பார்த்தால், மூன்று நிதியாண்டுகளில் எஃப்&ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். 2023-24இல் ப்ரோக்கர் கமிஷன், வரி மாதிரியான செலவுக்கு மட்டும் ஆளுக்குச் சராசரியாக 26,000 ரூபாய்.

சர்வீஸ் எப்படி? பணம் கட்டும்வரை அட்மின் இரண்டே நிமிடத்தில் பதில் போடுவார். செபி பதிவு எண் கேட்டேன், "டீம் அனுப்பும் சார்" என்றார், இன்னும் வரவில்லை. (இதைக் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டியிருக்க வேண்டும், தெரியும்.) பாதிப் பணமாவது திருப்பித் தாருங்கள் என்றேன், "மார்க்கெட் ரிஸ்க் சார்" என்று சொல்லி பிளாக் செய்துவிட்டார்.

தீபாவளிக்கு முன்னால் வேறொரு நம்பரிலிருந்து மெசேஜ்: ஆஃபர், 2,999 மட்டும். கூடவே டார்கெட் அடித்த ஸ்கிரீன்ஷாட் ஒன்று. அழிக்கும் முன் அதைப் பெரிதாக்கி எத்தனை லாட் என்று பார்த்தேன்.