எஸ்2 விண்மீனின் இரண்டு சோதனைகள்: மாற்று ஈர்ப்புக் கொள்கைகளுக்கு எது கிடுக்கிப்பிடி?

பால்வெளியின் மையத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சூரியன்களின் நிறையோடு ஒரு கருந்துளை இருக்கிறது. அதை எஸ்2 விண்மீன் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. 2018 மே மாதம் அது மிக நெருங்கி, சுமார் 120 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப் போல் 120 மடங்கு) தொலைவில், நொடிக்கு 7,600 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்ந்து சென்றது. அந்தப் பாய்ச்சல் இரண்டு சோதனைகளைத் தந்தது.

ஒன்று செம்பெயர்ச்சி. ஈர்ப்பும் வேகமும் சேர்ந்து விண்மீனின் ஒளியை நொடிக்கு 200 கிலோமீட்டர் அளவுக்குக் கூடுதலாகச் சிவப்புப் பக்கம் தள்ளின. 2018இல் ஐரோப்பாவின் கிராவிட்டி ஆய்வுக் குழுவும், 2019இல் அமெரிக்க வானியலாளர் ஆண்ட்ரியா கெஸ் குழுவும் இதைக் கண்டன. இதைக் கணிக்காத நியூட்டன் தோற்றார். சரி, ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலுக்கு மாற்றாக வேறு ஈர்ப்புக் கொள்கை சொல்லும் போட்டியாளர்கள்? பெரும்பாலோர் தப்பிவிட்டார்கள். காலவெளியின் வளைவையே ஈர்ப்பாகக் கொள்ளும் எந்தக் கொள்கையும் ஏறக்குறைய இதே செம்பெயர்ச்சியைத்தான் சொல்லும்.

இன்னொன்று, நீள்வட்டப் பாதையே மெல்லத் திரும்புவது. சுற்றுக்கு 12 கலை, அதாவது ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்கு. புதன் கோளுக்கு இது சுற்றுக்கு வெறும் 0.1 விகலை (ஒரு கலைக்கு 60 விகலை)! பொதுச் சார்பியலின் கணிப்பு 1 என்றால், 2020இல் கிராவிட்டி குழு அளந்தது 1.10, பிழை 0.19. துல்லியத்தில் புதன் எங்கோ மேலே. ஆனால் எஸ்2 நுழையும் ஈர்ப்புக் குழி பத்தாயிரம் மடங்கு ஆழம். சூரியனருகே அடங்கியிருக்கும், ஐன்ஸ்டைனின் கணிப்பிலிருந்தான விலகல் அங்கே தலைகாட்டக்கூடும் என்பதால், என் ஓட்டு இதற்குத்தான்.

சிக்கலும் இங்கேதான். மாற்றுக் கொள்கைகள் சிலவற்றில் வரும், தொலைவோடு விரைவாகத் தேயும் கூடுதல் விசையான யுகாவா வகைத் திருத்தம் பாதையை முன்னோக்கிக் கூடுதலாகத் திருப்பக்கூடும். கருந்துளையைச் சுற்றி மங்கிய விண்மீன்களோ இருண்ட பொருளோ பரவியிருந்தால் அதுவும் திருப்பும், ஆனால் பின்னோக்கி. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டினால், ஐன்ஸ்டைன் சரி என்று நாம் ஏமாறலாம்.

இதைப் பிரிக்க ஒரு வழி உண்டு. சார்பியலின் திருப்பம் பெரும்பாலும் மிக நெருங்கும் சில மாதங்களில் நிகழ்ந்துவிடும். பரவிய நிறையின் இழுப்போ, விண்மீன் தொலைவில் ஊரும் ஆண்டுகளில்தான் சேரும். எஸ்29, எஸ்38, எஸ்55 போன்ற விண்மீன்களின் பாதைகளையும் சேர்த்துப் பொருத்துவது இதனால்தான். எஸ்2 தன் பாதையின் தொலைக்கோடியைத் தொடுவது ஏறத்தாழ 2026இல். அடுத்த நெருக்கம் 2034இல்.