சுழல்: பாதியில் நிறுத்தியவர்களுக்கு

‘சுழல்’ தொடரை மூணாவது நாலாவது எபிசோடில் விட்டுவிட்டு, இதுக்கு மேல பார்க்கலாமா வேணாமா என்று கேட்பவர்கள் எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் நிறைய பேர். இரண்டு சீசனையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முதல் சீசனை எப்படியாவது முடித்துவிடுங்கள். இரண்டாவது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன். யார் செய்தது, எப்படிச் செய்தது என்பதையெல்லாம் இங்கே உடைக்கப்போவதில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

பார்க்கவே ஆரம்பிக்காதவர்களுக்கு: 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வந்தது, எட்டு எபிசோடு. எழுத்து புஷ்கர்–காயத்ரி, இயக்கம் பிரம்மாவும் அனுசரணும். சாம்பலூர் என்ற கற்பனை ஊர், அங்கே ஒரு சிமெண்ட் ஆலை, ஆலையில் வேலைநிறுத்தம். சங்கத் தலைவர் சண்முகமாக பார்த்திபன், இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டி. ஒரு ராத்திரி ஆலை தீப்பிடித்து எரிகிறது, அதே ராத்திரி சண்முகத்தின் சின்ன மகள் நிலா காணாமல் போகிறாள். அக்கா நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ், எஸ்.ஐ. சக்கரையாக கதிர்.

தொழிற்சாலை ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொடக்கமே போதும், உள்ளே இழுத்துவிடும். பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் நாங்கள். 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டு, தொழிலாளர்களே இரண்டு பக்கமாகப் பிரிந்து, கடைசியில் புளியந்தோப்பு கலவரம் வரைக்கும் போனது. ஸ்ட்ரைக் நடக்கும் ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் முகமே மாறிப்போகும் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லிக் கேட்டது. ‘சுழல்’ அதை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் காட்டுகிறது. எந்த இன்ஸ்பெக்டரை எதிர்த்துக் கோஷம் போட்டாரோ அவர்தான் தன் மகளையும் தேட வேண்டும் என்ற நிலையில் சண்முகம் நிற்கிறார். பார்த்திபனுடைய வழக்கமான வார்த்தை விளையாட்டு இதில் இல்லை. உடைந்துபோன ஒரு அப்பன்தான் தெரிகிறார். ரொம்ப நாள் கழித்து அவரை இப்படிப் பார்த்ததே எனக்கு நிறைவாக இருந்தது.

அப்புறம் மயானக் கொள்ளை. கதை அந்தத் திருவிழா நாட்களோடு சேர்ந்தே நகர்கிறது. ராயபுரம், சூளை பக்கம் இருப்பவர்களுக்கு இது டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் கிடையாது. சிவராத்திரி முடிந்து வரும் மாசி அமாவாசையில் முகமெல்லாம் சாயம் பூசி, கழுத்தில் எலுமிச்சை மாலையோடு காளி வேஷம் கட்டியவர்கள் பம்பை சத்தத்துக்கு ஆடிக்கொண்டே சுடுகாட்டுக்குப் போவதும், கூட்டத்தின் மேல் வீசும் சுண்டலையும் காய்கறியையும் பிடிக்க அப்பா தோளில் உட்கார்ந்த பிள்ளைகள் கையை நீட்டுவதும் எங்களுக்குப் பழக்கம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண்பிள்ளை தொலைந்துபோனால் யாருக்குத் தெரியும் என்ற பயமும் பழக்கம்தான். சாம் சி.எஸ். இசை அந்தப் பயத்தை நன்றாகவே பிடித்திருக்கிறது, சில இடங்களில் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

நடுவில் தொய்வு இருக்கிறது, உண்மைதான். ஒவ்வொரு எபிசோடும் முடியும்போது புதிதாக ஒருவர் மேல் சந்தேகத்தைத் திருப்பி விடுகிறார்கள், மூணாவது தடவைக்குள் அந்தப் பாணி நமக்குத் தெரிந்துபோகிறது. அந்த இடத்தில் நிறுத்தியவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் அந்தச் சந்தேகங்களுக்கெல்லாம் ஒரு வேலை இருக்கிறது என்பது ஏழாவது எட்டாவது எபிசோடில்தான் புரியும். ஊர் முழுக்க யார் யாரையோ துரத்திக்கொண்டிருக்கும்போது, பார்க்க வேண்டிய இடத்தை யாருமே பார்க்கவில்லை.

இது எனக்கு ஏன் முக்கியம் என்றால், சினிமாவில் வடசென்னை என்றாலே கத்தி, சந்து, ரவுடி. ஆபத்து என்பது தெருமுனையில் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்பவனிடம் இருந்துதான் வரும் என்று எங்கள் பிள்ளைகளுக்கே சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கை எடுத்துப் பாருங்கள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள். க்ரைம் தொடர் எடுப்பவர்கள் இதைத் தொடுவதே அபூர்வம். ‘சுழல்’ தொட்டிருக்கிறது, அதுவும் வன்முறையைக் கண்ணுக்கு விருந்தாக்காமல்.

அதனால்தான் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை இந்தக் கதையில் ஓரமாக வந்துபோகும் விஷயம் இல்லை. எங்கள் தெருவில் ஒரு அக்கா பாதியில் நிறுத்திவிட்டு, “என்னால முடியலப்பா, ராத்திரி கண்ண மூடுனா அந்தப் பொண்ணு முகம்தான் வருது” என்றார். அவரிடம் நான் வற்புறுத்தவே இல்லை. இப்படிப்பட்ட அனுபவம் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், ஒரு தொடரை முடிக்காததால் எதுவும் குறைந்துவிடாது. ஒரே ரூமில் எல்லோரும் படுக்கும் வீடு என்றால் பிள்ளைகள் தூங்கிய பிறகு ஹெட்போன் போட்டுப் பாருங்கள். பார்த்த பிறகு வீட்டுப் பிள்ளைகளிடம் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லி வையுங்கள்.

சரி, இரண்டாவது சீசன். 2025 பிப்ரவரி கடைசியில் வந்தது. காளிபட்டினம் என்ற கடலோர ஊர், அஷ்டகாளி திருவிழா, கொலையாகும் வக்கீல் செல்லப்பாவாக லால். வெவ்வேறு இடங்களில் இருந்து எட்டுப் பெண்கள், நான்தான் கொன்றேன் என்று தனித்தனியாகச் சொல்கிறார்கள். இதைவிட நல்ல முடிச்சு தமிழ்த் தொடர்களில் எனக்குத் தெரிந்து வந்ததில்லை. முதல் இரண்டு எபிசோடை எழுந்திருக்காமல் பார்த்தேன். அதற்குப் பிறகு எட்டுப் பெண்களையும் தனித்தனி ஆளாகத் தெரிந்துகொள்ள நேரமே தராமல் திருவிழாவும் வேஷங்களும் திரையை நிரப்பிவிடுகின்றன. முதல் சீசனில் நிலா திரையில் இல்லாத காட்சியில்கூட அவளைப் பற்றிய கவலை நமக்கு இருந்துகொண்டே இருக்கும். இதில் அந்தப் பெண்களில் பாதிப் பேருடைய பெயர்கூட எனக்கு மனதில் நிற்கவில்லை. சிறைக்குள் நந்தினி வரும் காட்சிகள் மட்டும் விதிவிலக்கு, ஐஸ்வர்யா ராஜேஷ் பேசாமல் உட்கார்ந்திருந்தாலே காட்சி மனதில் நின்றுவிடுகிறது.

நந்தினிக்கு என்ன ஆனது என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தால் இரண்டாவதையும் பாருங்கள், ஆனால் முதல் சீசன் முடிந்த கையோடு அடுத்த பட்டனை அழுத்தாதீர்கள், நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள். அந்த முடிவு போதும் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கதை அங்கே முழுசாகவே முடிந்திருக்கிறது.