இதய ஆய்வுப் பிரிவு ஒன்றின் சேவை: ஒரு மதிப்புரை

இதயச் செயலிழப்புக்கான மருந்தாய்வில் என் தந்தை பங்கேற்றதால், பேராசிரியரான இதயநோய் மருத்துவர் ஒருவர் தலைமையேற்று நடத்தும் ஆய்வுப் பிரிவை ஓராண்டாக அருகிலிருந்து பார்த்து வருகிறேன். முதல் சந்திப்பில் ஒப்புதல் படிவத்தை வரிவரியாக விளக்கிய அவர், தந்தைக்குத் தரப்படுவது புதிய மருந்தா, மருந்தற்ற மாத்திரையா என்பது தமக்கும் தெரியாது என்றும், காரணம் கூறாமலே எப்போதும் விலகலாம் என்றும் தெளிவுபடுத்தினார்.

இத்தனை கண்டிப்பு எதற்கென்று கேட்டேன். மாரடைப்புக்குப் பின் தோன்றும் மிகைத் துடிப்புகளை அடக்கினால் உயிர் காக்கப்படும் என்று மருத்துவர்கள் உறுதியாக நம்பியிருந்த காலத்தில், 1989இல் வெளியான காஸ்ட் ஆய்வு, அத்துடிப்புகளை அடக்கிய என்கைனைடு, ஃபிளெக்கைனைடு மருந்துகளை உட்கொண்டவர்களிடையேதான் மரணம் அதிகம் என்று காட்டியதை அவர் எடுத்துரைத்தார். அனுபவமும் நல்லெண்ணமும் மட்டும் போதாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். 17,187 நோயாளிகள் பங்கேற்ற ஐசிஸ்-2 ஆய்வு, 1988இல், சாதாரண ஆஸ்பிரினே மாரடைப்பு மரணங்களைக் குறைக்கும் என நிறுவியதையும் அவரே சொன்னார்.

ஆய்வுச் செவிலியர்களின் கவனிப்பில் குறையில்லை. கற்பித்தல், வார்டு, ஆய்வு என மூன்று பணிகளையும் ஒருவரே சுமப்பதால் பேராசிரியரைச் சந்திக்க நெடுநேரம் காத்திருக்க நேர்கிறது. முன்பதிவு முறையைப் பிரிவு கட்டாயம் திருத்த வேண்டும். ஆயினும், தகுதியுள்ள நோயாளிகளுக்கு இப்பிரிவைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.