சிறுநீரகத் தமனிச் சுருக்கம்: டாப்ளரா, சி.டி.யா, கதீட்டரா?

சிறுநீரகத்துக்குப் போகும் தமனி சுருங்கியிருக்கிறது என்றதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை சதவீதம்?" என்றுதான். அந்த எண் மட்டும் போதாது. ஒரே 60 சதவீதச் சுருக்கம் ஒருவருக்கு பி.பி.யை எகிற வைக்கும், இன்னொருவரை ஒன்றுமே செய்யாது.

முதல் சோதனையாக நான் டாப்ளரைத்தான் சொல்வேன்; ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அது. ஊசி இல்லை, சாய மருந்து இல்லை, கதிர்வீச்சும் இல்லை. அது அளப்பது ரத்தத்தின் வேகத்தை. ஹோஸ் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுமே, அதே கணக்குதான். வேகம் நொடிக்கு 200 செ.மீ.யைத் தாண்டி, பெருந்தமனியில் இருப்பதைப் போல மூன்றரை மடங்குக்கு மேலும் போனால், சுருக்கம் 60 சதவீதத்துக்கு மேல் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் சிறுநீரகத்துக்குள் இருக்கும் சின்னக் குழாய்களைப் பார்க்க வேண்டும். அங்கே ரத்த ஓட்டத்தின் அலை திரையில் சட்டென்று நிமிராமல், மெதுவாக ஏறி மொட்டையாக இறங்கினால் மேலே பலமான தடை இருக்கிறது. ஆனால் எல்லாம் செய்பவர் கையில் இருக்கிறது. குடலில் வாயு இருந்தால் தமனியே தெரியாது. காலி வயிற்றோடு வரச் சொல்வது அதற்காகத்தான்.

படத் தெளிவில் சி.டி. ஆஞ்சியோவை, அதாவது சாயம் செலுத்தி ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேனை, டாப்ளர் நெருங்க முடியாது. கூடுதலாக இருக்கும் சின்னத் தமனி, இளம்பெண்களிடம் காணும் மணிமாலை போன்ற சுருக்கம் எல்லாம் அதில் தெரியும். ஆனால் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியவருக்கு, அதாவது சிறுநீரக வேலை குறைந்தவருக்கு, அயோடின் சாயம் யோசித்துத்தான் தர வேண்டும். காந்த அலையால் படமெடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோவும் சுருக்கத்தைக் கூட்டியே காட்டும். தமனியைத் திறந்து வைக்கும் வலைக் குழாயான ஸ்டென்ட் உள்ளவருக்கு அது உதவாது.

கதீட்டர் என்ற மெல்லிய குழாயைத் தமனிக்குள் விட்டு அளப்பதைத்தான் நான் கடைசித் தீர்ப்பாக நம்புகிறேன். சுருக்கத்துக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணில் 20 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், அந்தச் சுருக்கம் உண்மையிலேயே ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. அதற்காக எல்லோருக்கும் கதீட்டர் போடக் கூடாது. கொழுப்புத் துகள் பெயர்ந்து சிறுநீரகத்தையே கெடுத்துவிடலாம். 2014இல் வெளிவந்த 'கோரல்' ஆய்வில், 947 பேரிடம் பார்த்தபோது, மருந்தோடு ஸ்டென்டும் வைத்தவர்களுக்கு, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிடப் பெரிய நன்மை கிடைக்கவில்லை. மூன்று நான்கு மாத்திரைக்கும் பி.பி. அடங்காமலோ, நுரையீரலில் திடீர் திடீரென நீர் கோத்து மூச்சுத் திணறியோ, ஸ்டென்ட் வைக்கலாமா என்ற பேச்சு வந்தால் மட்டுமே கதீட்டர் சோதனைக்குப் போக வேண்டும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் சிறுநீரகத்தின் நீளத்தையும் பாருங்கள். 7 செ.மீ.க்கும் கீழே சுருங்கிப்போயிருந்தால், தமனியைத் திறந்தாலும் பெரும்பாலும் பலன் இராது.