வேம்பநாட்டு ஏரியில் டீசலா, வெயிலா, கரை மின்சாரமா?

பெரியார் போராடிய ஊராகத் தமிழர் அறிந்த வைக்கத்திலிருந்து, வேம்பநாட்டு ஏரியைக் கடந்து தவணக்கடவுக்குச் செல்லும் தூரம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் டீசல் படகுகள் ஓடிவந்த இந்தத் தடத்தில், 2017 ஜனவரியில் ‘ஆதித்யா’ என்னும் 75 இருக்கைகள் கொண்ட சூரிய மின்படகு விடப்பட்டது. நீரும் தூரமும் பயணிகளும் ஒன்றே என்பதால், அரசுப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைக்கும் வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க இது மிகப் பொருத்தமான இடம். இருக்கும் டீசல் படகையே சிக்கனமாக ஓட்டுவது, ஆதித்யாவைப் போன்ற படகுக்கு மாறுவது, கொச்சி வாட்டர் மெட்ரோவைப் போலக் கரையில் சார்ஜ் ஏற்றும் பெரிய மின்படகுகளை வாங்குவது என வழிகள் மூன்று.

முதல் வழியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. என் கணிப்பில் எல்லாத் துறைகளும் தொடங்க வேண்டிய இடம் அதுதான். படகை நகர்த்தத் தேவைப்படும் திறன், வேகத்தின் மூன்றாம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது; அதாவது வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு வேண்டும். 7 நாட் (மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் படகை 6 நாட்டுக்கு இறக்கினால் தேவைப்படும் திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையும்; பயணம் நீள்வதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு நடைக்கான டீசலில் கால் பங்கு மிச்சமாகும். குறைந்த சுமையில் எஞ்சினின் சிக்கனம் சற்றுக் கெடும் என்பதால் நடைமுறையில் லாபம் இதைவிடக் கொஞ்சம் குறையலாம். இதற்காக 3 கிலோமீட்டர் தடத்தில் பயணி கூடுதலாகச் செலவிடுவது இரண்டேகால் நிமிடம். ஆனால் கால அட்டவணையைத் திருத்தாமல் ஊழியரை மட்டும் மெதுவாகப் போகச் சொல்வதில் பயனில்லை. படகுத்துறையில் ஐந்து நிமிடம் பிந்தினால், அதை ஈடுகட்ட ஏரி நடுவே எஞ்சினை முடுக்கத்தான் செய்வார்கள்.

துறையில் நிற்கும் நேரமும் இதே அளவு கவனத்துக்குரியது. பழைய படகுகளில் சுக்கான் பிடிக்கும் ஸ்ராங்கு மேலே நிற்பார், எஞ்சினை இயக்கும் டிரைவர் கீழே இருப்பார். ஸ்ராங்கு கயிற்றை இழுத்து அடிக்கும் மணிதான் டிரைவருக்குக் கட்டளை. மணி கேட்டதும் எஞ்சின் பின்னோக்கி இழுத்துப் படகை நிறுத்துகிறது. பிறகு கயிறு கட்டி, ஆட்கள் இறங்கி, சைக்கிளும் மூட்டையும் ஏறி முடியும் வரை அது சும்மா உறுமிக்கொண்டே டீசலைக் குடிக்கிறது. மின்மோட்டார் அந்த நேரத்தில் முற்றிலும் நின்றுவிடுகிறது. இவற்றோடு, மழைக்காலத்தில் தெற்கிலிருந்து மிதந்து வரும் ஆகாயத் தாமரை புரொப்பல்லரில் சுற்றிக்கொள்வதையும், அடிப்புறத்தில் பாசியும் சிப்பியும் படிவதையும் உடனுக்குடன் நீக்கினாலே, புதிய படகு எதுவும் வாங்காமல் கணிசமாகச் சேமிக்கலாம்.

ஆதித்யாவைப் பற்றிப் பேசும்போது எல்லோர் கண்ணும் கூரையில் உள்ள பேனல்கள் மீதுதான் போகிறது. உண்மையில் அதன் வெற்றி நீருக்கு அருகில் இருக்கிறது. 20 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட அந்தப் படகு, எடை குறைந்த, ஒடுங்கிய இரட்டை உடலின் மேல் நிற்கிறது; அதை இயக்க 20 கிலோவாட் மோட்டார்கள் இரண்டு போதுமாக இருக்கின்றன. கூரையின் பேனல்களும் 20 கிலோவாட் அளவினவே. கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட் என்ற வழக்கமான கணக்கில், நல்ல வெயில் நாளில் 80 யூனிட் கிடைக்கும். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் ஆற்றல் இருந்தாலும், அதில் மூன்றில் ஒரு பங்குதான் புரொப்பல்லர் தண்டைச் சென்றடைகிறது என்பதை வைத்துப் பார்த்தால், கூரை தரும் வெயில் ஒரு நாளில் இருபது லிட்டரைச் சற்றுத் தாண்டிய டீசலின் வேலையைத்தான் செய்கிறது. அந்த அளவுக்குள் பெரும்பகுதி அடங்கும்படி ஒரு படகை வடிவமைத்துக் கட்டியதே சாதனை. கனத்த பழைய படகின் கூரையில் அதே பேனல்களைப் பொருத்தினால் சில நடைகளுக்குக்கூடக் காணாது.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. மோட்டார்கள் பாதித் திறனில் ஓடினாலே, 50 யூனிட் பேட்டரி வெயிலின் துணையில்லாமல் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆலப்புழையிலிருந்து கோட்டயம் செல்லும் படகுக்கு ஒரு நடைக்கே ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகிறது. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில் கூரையின் பங்கும் பெரிதும் சுருங்கி, கரை மின்சாரத்தையே நம்ப வேண்டியிருக்கும்.

2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ வேறொரு தேவைக்கானது. கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய, நூறு பேர் செல்லும் அலுமினியப் படகுகள் அவை. அவற்றின் லித்தியம் டைட்டனேட் பேட்டரி கனமானது, ஆனால் 10 முதல் 15 நிமிடத்தில் சார்ஜ் ஏறுவது. அவசரத்துக்கு டீசல் ஜெனரேட்டரும் உண்டு. அடுத்தடுத்து நடைகள் உள்ள நகரத் தடத்துக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் அவ்வளவு மின்சாரத்தைச் சில நிமிடங்களில் தரும் இணைப்பு கிராமத்துத் துறைகளில் எளிதில் அமையாது. 2015-இல் நார்வேயில் ‘ஆம்பியர்’ மின்படகை விட்டபோது உள்ளூர் மின்கட்டமைப்பு தாங்காது என்பதால், இரு கரைகளிலும் தனிப் பேட்டரிகளை வைத்து அவற்றின் வழியே சார்ஜ் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தச் செலவையும் படகின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

எனவே குறுகிய கடவுகளுக்கு ஆதித்யா வகையையும், நெரிசலான நகரத் தடங்களுக்கு மெட்ரோ வகையையும், நீண்ட தடங்களுக்கு வேகம் குறைத்து நன்கு பராமரித்த டீசல் படகையும் நான் தேர்வேன். படகு மாறும்வரை காத்திராமல், ஒவ்வொரு டீசல் படகிலும் எரிபொருள் ஓட்டமானி பொருத்தி, நடைவாரியாக லிட்டர் கணக்கைப் படகு ஊழியர்களுக்கே காட்ட வேண்டும். புதிய படகுக்கான ஒப்பந்தப்புள்ளியில் எஞ்சினின் குதிரைத்திறனைக் கேட்பதற்குப் பதிலாக, குறிப்பிட்ட வேகத்தில், முழுப் பயணிகளோடு, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் அல்லது எத்தனை லிட்டர் செலவாகும் என்று கேட்டு, அதை ஓட்டிக் காட்டிய பிறகே பணம் தர வேண்டும்.